சிவப்பு வளையத்துக்கு வெளியே

"விருஷபராஜ் அந்த மலைய விட்டு உயிரோட எறங்கக்கூடாது" என்றாள் அனந்தமதி.

லாரிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த அப்பாண்டைராஜ் நிமிர்ந்து பார்த்தான். அவன் அவளுடைய அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே அவள் கோபத்தைப் பார்த்துப் பழகியவன்தான். ஆனாலும் இந்தப் பேச்சு அவனுக்குப் புதிது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவள், எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித் தருகிறவள். அவள் பாழிமலை அடிவாரத்தில் காலை வெயிலில் நின்றுகொண்டு கொலையைப் பற்றிப் பேசுகிறாள்.

"சமணச்சி பேசற பேச்சா இது?" என்றான்.

"கயித்த எடு. நேரமாவுது."

அவன் லாரியிலிருந்து நீளமான கயிற்றையும் ஒரு தார்ப்பாயையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். இருவரும் முள்ளுக்குள் நுழைந்தார்கள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சேந்தநல்லூர் நயினார் தெருக் கோயிலில் ஒரு துணிப்படம் இருந்தது. லோகப்படம் என்பார்கள். பல நூறு வருஷங்களுக்கு முன் வச்சிரகீர்த்தி என்ற முனிவர் எழுதியது. மனிதர் வாழும் உலகம் முழுவதும் அதில் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். நடுவில் மேரு மலை, அதைச் சுற்றிச் சம்புத்தீவு, தீவைச் சுற்றி உப்புக்கடல். அப்புறம் இன்னொரு தீவு, இன்னொரு கடல், கடைசியாகப் பாதித் தீவு. அந்தப் பாதித் தீவின் விளிம்பில் தடிப்பாக ஒரு சிவப்பு வளையம். அதுதான் மானுஷோத்தர மலை. அதற்கு அப்பால் மனிதன் இல்லை, போகவும் முடியாது என்று பழைய நூல்கள் சொல்கின்றன. படமும் அந்த வளையத்தோடு முடிந்துவிடும்.

படையெடுப்புக் காலத்தில் கோயிலின் திருமேனிகளை வச்சிரகீர்த்தி முனிவர் பாழிமலைக்குக் கொண்டுபோய் ஒளித்தார், அந்த இடம் லோகப்படத்தில்தான் இருக்கிறது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேச்சோடு சரி. தேடிப் போனவர்கள் யாருமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை படத்தை விரித்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி மூங்கில் குழலில் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் அந்தப் படம் காணாமல் போனது. அப்போது அதன் கிழிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தவன் அனந்தமதியின் அண்ணன் தரணேந்திரன். பெட்டிச் சாவியும் அவனிடம்தான் இருந்தது. கோயில் தர்மகர்த்தா விருஷபராஜ், அவர்களுக்குச் சித்தப்பா முறை, சாமி முன்னால் நின்று சொன்னார்: "தரணி குழலோட பஸ் ஏறினத என் கண்ணால பார்த்தேன்."

அது போதுமாக இருந்தது. தெரு அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியது. கிணற்றுப் பக்கம் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஒரு வீடு இல்லை. தரணி அவமானம் தாங்காமல் சூரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய், அங்கேயே மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். உடல் ஊருக்கு வந்த அன்று தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எந்த வீட்டுக் கதவு என்ன நிறம் என்று கேட்டால் அனந்தமதி இப்போதும் சொல்வாள்.

போன வாரம் அப்பாண்டை ஜல்லி ஏற்றப் பாழிமலைக் கிரஷருக்குப் போனபோது, புதர் மறைவில் விருஷபராஜின் ஜீப் நின்றிருந்ததைப் பார்த்தான். பின்சீட்டில் ஒரு மூங்கில் குழல். அதன் வாயில் சுற்றியிருந்த பித்தளைப் பூண் அவனுக்கு நன்றாகத் தெரியும். போலீசில் சொன்னார்கள். அங்கே இருந்தவர் சிரித்தார். "தர்மகர்த்தாவ பத்தி வந்து சொல்றீங்களே, உங்க வீட்டுக் கத எங்களுக்குத் தெரியாதா?" என்றார். அதற்கப்புறம்தான் இந்தப் பயணம்.

மலை ஏற ஏற அனந்தமதி ஒன்றைக் கவனித்தாள். முட்புதர் முடிந்து, செம்பாறைச் சுவரின் பிளவு ஒன்றில் நுழைந்த இடத்தில் ஒரு சுனை. சுனை என்றால் குண்டு குழி இல்லை. மலையின் நடுவே உயர்ந்து நிற்கும் நடுப்பாறையைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் நீர்வளையம். அதைத் தாண்டினால் மண்மேடு, அதுவும் வளையம்.

"அப்பாண்ட, முனிவர் படத்த முதல்ல துணியில எழுதல. இந்த மலைய பார்த்துட்டுத்தான் இங்க வந்து தங்கியிருக்கார். மலையே லோகப்படமா இருக்குது பாரு."

"அப்போ நாம இப்போ எங்க நிக்கிறோம்?"

"உப்புக்கடல்ல."

அவன் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தான். "சர்க்கரையாட்டம் இருக்குது" என்றான்.

"வடிகட்டாம குடிச்சிட்டியா?" என்று அவள் திட்டிய திட்டில் அவனுக்குப் புரையேறியது. ஆளைக் கொல்லக் கிளம்பியவள் தண்ணீர்ப் பூச்சிக்குப் பரிந்து சண்டை போடுகிறாளே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

வழியில் ஒரு குகை. பழைய முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள் தரையில் வழவழவென்று கிடந்தன. விதானத்தில் மங்கிய ஓவியம். கடலுக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகள், தீவுக்கொரு விசித்திர மனிதன். ஒருவனுக்கு ஒற்றைக் கால். ஒருவனுக்குக் குதிரை முகம். இன்னொருவன் தன் காதையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான்.

"இவன் பாடு தேவல" என்றான் அப்பாண்டை. "குளிருக்குத் துப்பட்டி வாங்க வேணாம்."

"அந்தக் காலத்துல எல்லா நாட்டுப் பண்டிதருங்களும் இப்படித்தான் வரைஞ்சாங்க. உலகத்த வட்டமா போட்டு, சுத்திக் கடல விட்டு, ஓரத்துல இந்த மாதிரி ஆளுங்கள எழுதுவாங்க. அரபு தேசத்துக்காரங்க தெக்க மேல வெச்சி வரைஞ்சாங்க. மேக்கத்திக்காரங்க கெழக்க மேல வெச்சாங்க. அவங்கவங்களுக்கு ஒசந்த ஊர நடுவுல வெச்சாங்க."

"நம்ம முனிவர் மட்டும் நம்ம ஊர நடுவுல போட்டிருக்க மாட்டாரா?"

"போடல. நாம இருக்கற பரத கண்டம் சம்புத்தீவோட தெக்கு ஓரத்துல ஒரு துண்டு, அவ்ளோதான். நடுவுல இருக்கறது விதேகம். இப்பவும் தீர்த்தங்கரருங்க உயிரோட நடமாடற நாடு அது. நமக்கு எட்டாது."

சொல்லி முடிக்கும் முன் அவள் முதுகில் கூர்மையாக ஏதோ பட்டது. திரும்பினாள். கடப்பாறையோடு ஒரு தடியன் நின்றிருந்தான்.

"ஐயா, ரெண்டு பேரு வந்துகிறாங்க" என்று அவன் மேலே பார்த்துக் குரல் கொடுத்தான்.

மேலே விருஷபராஜ் நடுப்பாறையின் அடியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். குழி தோண்டிக் குவித்த மண்ணுக்குப் பக்கத்தில் லோகப்படம் விரிந்து கிடந்தது. தடியன் பெயர் கன்னியப்பன், தோண்டுவதற்குக் கூலிக்கு வந்தவன்.

"வாம்மா மதி" என்றார் அவர். நேற்றுத்தான் பார்த்துப் பேசிய மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

அனந்தமதியின் கண் படத்தின் ஓரத்துக்குப் போனது. பச்சை நூலில் நெருக்கமான தையல். பாதி ஓரம் வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது. ஊசி நூலை முடிச்சுப் போடக்கூட அண்ணனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவளுக்கு அந்த இடத்திலேயே அவர் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி சொத்த வெளிய கொண்டாரணும்னுதான் எடுத்தேன்" என்றார் விருஷபராஜ். "உன் அண்ணன் மேல பழி வரும்னு நெனைக்கல."

"பஸ் ஏறினத பார்த்தேன்னு சொன்னது யாரு?"

அவர் படத்தைக் காட்டினார். "விதேகத்துலதான வெச்சிருப்பார்? தீர்த்தங்கரர் இருக்கற நாட்டுல தீர்த்தங்கரர் திருமேனி. நானும் கோடையிலேருந்து இங்க தோண்டறேன். கல்லும் மண்ணும்தான் வருது. நீ படிச்சவ. இத பார்த்துச் சொல்லு. சொன்னா ரெண்டு பேரும் எறங்கிப் போலாம். இல்லேன்னா கன்னியப்பன் இருக்கான்."

கன்னியப்பன் தன் பெயரைக் கேட்டுக் கொஞ்சம் சங்கடப்பட்டான். மண்ணைக் குத்தத்தான் அவன் வந்திருந்தான்.

அனந்தமதி படத்தை உற்றுப் பார்த்தாள். விதேகம், பரதம், ஐராவதம், தீவுகள், கடல்கள். முனிவர் எங்கேயும் ஒரு புள்ளிகூட அதிகமாக வைக்கவில்லை. சிவப்பு வளையம்வரை சுத்தமாக, நூல்படி வரைந்திருந்தார்.

"நான் நடுப்பாற மேல ஏறி ஒருதடவ பார்க்கணும்" என்றாள்.

"ஏறு. அப்பாண்ட இங்கியே இருக்கட்டும்."

பாறையில் பிடி குறைவு. விரலைப் பிளவில் நுழைத்து, முழங்கால் தேய்ந்து, மூச்சுவாங்க அவள் உச்சிக்கு ஏறினாள். கீழே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நீர்வளையம், மேட்டுவளையம், எல்லாவற்றுக்கும் வெளியே செந்நிறப் பாறைச் சுவர் மலையைச் சுற்றி வளைத்திருந்தது. மானுஷோத்தரம். அதற்கப்பால் பள்ளமும் காடும்.

மனிதன் கையில் படக்கூடாது என்று ஒளிக்கிறவர் மனிதர் வாழும் இடத்தில் ஏன் ஒளிக்கப்போகிறார்? இந்த எண்ணம் வந்ததும் அவள் வளையத்துக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். கிழக்கே, சுவரின் அடிவாரப் பள்ளத்தில் ஒரு கன்னங்கரிய பாறை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு வெள்ளைப் பாறைகள்.

நந்தீஸ்வர பூஜை நாட்களில் அவளும் அம்மாவும் கோயில் தரையில் போட்ட கோலம் அது. நடுவில் கரித்தூளால் கறுப்பாக அஞ்சனமலை, சுற்றி அரிசிமாவில் நான்கு வெள்ளை மலைகள். நந்தீஸ்வரத் தீவு மானுஷோத்தரத்துக்கு வெகு தூரம் வெளியே இருக்கிறது. அங்கே கோயில்கள் உண்டு, திருமேனிகள் உண்டு, கும்பிடப் போகிறவர்கள் தேவர்கள் மட்டும்தான். மனிதன் காலடி அங்கே படாது. விருஷபராஜும் அந்தப் பூஜைக்கு வருஷந்தோறும் வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து மாலை வாங்கிக்கொண்டு போனார். கீழே என்ன கோலம் என்று குனிந்து பார்த்திருப்பாரா?

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. கிழக்குச் சுவரின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் மண் அரித்து வெற்றிடமாக இருந்தது. ஒரு ஆள் பாரத்துக்குத் தாங்காது. தெற்கே சுற்றிக்கொண்டு போனால் பத்திரமான இறக்கம் உண்டு.

அவள் மெதுவாகக் கீழே இறங்கினாள். இறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள்.

"இன்னா தெரிஞ்சிது?" என்றார் விருஷபராஜ்.

"படத்துல இல்ல சித்தப்பா. வளையத்துக்கு வெளிய இருக்குது. கெழக்குப் பக்கம், கறுப்புப் பாற. சுத்தி நாலு வெள்ளப் பாற."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நந்தீஸ்வரம்" என்றார். படத்தைச் சுருட்டிக் குழலில் போட்டு அங்கேயே விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். எல்லோரும் பின்னால் போனார்கள். சிவந்த சுவரின் மேல் ஏறி விளிம்புக்கு வந்ததும் கரும்பாறை நேர் கீழே தெரிந்தது.

"கன்னியப்பா, முன்னால போ. எறங்க வழி இருக்கான்னு பாரு" என்றார்.

கன்னியப்பன் ஒரு அடி எடுத்து வைத்தான். அனந்தமதி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ போகாதண்ணே. அந்த முனை ஆளத் தாங்காது. அடியில ஒண்ணும் இல்ல."

விருஷபராஜ் அவளைப் பார்த்துச் சிரித்தார். "எங்களத் தடுத்துட்டு நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கப் பார்க்கறீங்களா? உங்க வீட்டுப் புத்தி எனக்குத் தெரியாதா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. கன்னியப்பனிடம் சொன்ன அதே வார்த்தையை அவரிடம் இன்னொரு முறை, சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அவர் நம்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும், அது அவளுக்கு வேண்டியும் இருந்தது. அப்பாண்டை அவள் முகத்தைப் பார்த்தான். பயந்துபோனான்.

விருஷபராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனைக்குப் போனார். படார் என்று ஒரு சத்தம். பாறை முனையோடு அவரும் மறைந்தார். புழுதி மேலே எழுந்தது. அப்புறம் கீழேயிருந்து ஒரு அலறல் கேட்டது.

ஆள் சாகவில்லை. நடுவில் ஒரு அத்திமரம் தாங்கி, கிளை ஒடிந்து, கரும்பாறை அடியில் போய் விழுந்திருந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

"மதி, கயிறு போடும்மா" என்று குரல் வந்தது.

அனந்தமதி விளிம்பிலிருந்து தள்ளி, கெட்டியான இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பையிலிருந்து கட்டுச்சோற்றை எடுத்துப் பிரித்தாள்.

"என்ன பண்ற?" என்றான் அப்பாண்டை.

"பொழுது சாஞ்சா சாப்பிடமுடியாது. அப்புறம் காலையில சூரியன் வர்ற வரைக்கும் தண்ணிகூட கெடையாது. உக்காரு."

அவள் நிதானமாகப் புளிச்சோற்றைச் சாப்பிட்டாள். கீழே அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கெஞ்சலுக்கும் ஒரு கவளம். வருஷக்கணக்காகக் காத்திருந்த சாப்பாடு அது, ருசியாகத்தான் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்பாண்டை தன் பங்கைத் தொடவில்லை. கன்னியப்பன் கடப்பாறையை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அனந்தமதி, சாமி இங்கதான் இருக்குது. பொந்துக்குள்ள. என் கண்ணுக்குத் தெரியுது. எல்லாத்தையும் நீயே எடுத்துக்க. எனக்குத் தண்ணி மட்டும் குடு."

"தண்ணியா சித்தப்பா? எங்க வீட்டுத் தண்ணியா? யாரும் குடிக்கமாட்டாங்களே அத."

கீழேயிருந்து மெலிந்த குரலில் வந்தது: "நான்தான் எடுத்தேன். தரணி எடுக்கல. ஒத்துக்கறேன்."

"எனக்கு எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "போலாம் அப்பாண்ட."

அவள் நிஜமாகவே நடக்க ஆரம்பித்தாள். புதர் தாண்டி, மேடு தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அப்பாண்டை ஓடிவந்து முன்னால் நின்று மறித்தான்.

"போ. தாராளமா போ. அந்தாளு செத்துப்போவான். அப்புறம் என்ன நடக்கும் தெரியுமா? சாமியத் தேடிப் போயி உயிர விட்ட மகான்னு சொல்லி ஊரே மால போடும். கோயில்ல படம் மாட்டுவாங்க. தரணி மச்சான் திருடனாவே இருப்பாரு. செத்தவன் வந்து எந்தத் தெருவுல வாயத் தெறக்கப்போறான்?"

அவள் நின்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, குறையவில்லை. ஆனால் அவன் சொன்னதில் இருந்த நியாயம் அந்தக் கோபத்துக்கே பிடித்திருந்தது. விருஷபராஜ் செத்தால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது.

"கன்னியப்பண்ணே, நல்லா ரெண்டு கழி வெட்டுங்க. ஒடஞ்சி விழுந்த கெளையாப் பாருங்க, பச்ச மரத்த வெட்டாதீங்க" என்றாள்.

தெற்கே சுற்றி இறங்கினார்கள். அவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்தாள். வடிகட்டித்தான் கொடுத்தாள். காலைக் குச்சி வைத்துக் கட்டினான் கன்னியப்பன். அப்புறம்தான் அவள் கரும்பாறைப் பொந்துக்குள் கையை விட்டாள். மண்ணும் சருகும். அதற்கடியில் ஒரு கல்பெட்டி. மூடியை மூன்று பேரும் சேர்ந்து நகர்த்தினார்கள். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன ஐம்பொன் திருமேனிகள் நின்றன. தங்க முலாம், ஸ்படிகக் கண்கள். அத்தனை காலம் இருட்டில் நின்ற கண்களில் வெயில் பட்டதும் பளிச்சென்றது. அனந்தமதி மண்ணில் விழுந்து வணங்கினாள். அண்ணன் பார்க்கவில்லையே என்று முதல்முறையாக அன்று அழுதாள்.

திருமேனிகளை அவளுடைய சுத்தமான துணியில் சுற்றி அப்பாண்டை மார்போடு கட்டிக்கொண்டான். தார்ப்பாயைக் கழிகளில் கட்டித் தூளி செய்தார்கள். பின்பக்கத்தைக் கன்னியப்பன் ஒருவனே தூக்கினான். முன்பக்கம் ஒரு கழி அப்பாண்டை தோளில், ஒரு கழி அனந்தமதி தோளில். வளையம் வளையமாக, தண்ணீரும் முள்ளும் கல்லும் தாண்டி, லோகப்படத்தையும் எடுத்துக்கொண்டு, எதிரியைச் சுமந்து அவள் மலை இறங்கினாள். தோள் கன்றிப்போனது. லாரியில் ஏற்றியதும் அப்பாண்டை ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் போன் போட்டு, கோயில் வாசலுக்கு வரச்சொன்னான்.

நயினார் தெரு முனையில் அனந்தமதி லாரியை நிறுத்தச் சொன்னாள்.

"எறக்குங்க. இனிமே நடந்துதான் போறோம்."

"கோயில்வரைக்கும் லாரி போவுமே" என்றான் அப்பாண்டை.

"போவும். நாம நடக்கறோம்." அவள் தூளிக்குள் குனிந்தாள். "சித்தப்பா, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் சொல்லணும். அந்த வீட்டுக்குக் கேக்கறா மாதிரி சொல்லணும். வாய மூடினா அங்கியே எறக்கி வெச்சிட்டுப் போயிடுவோம். ஆம்புலன்சு தெருக்கோடியில நிக்குது."

முதல் வீடு. விருஷபராஜ் முனகினார்.

"கேக்கல" என்றாள் அனந்தமதி. தூளி தரையில் இறங்கியது.

"தரணேந்திரன் திருடல" என்று அவர் கத்தினார். "படத்த எடுத்தது நான்தான். பொய் சொன்னது நான்தான்."

தூளி எழுந்தது. நீலக்கதவு திறந்தது. அடுத்த வீடு, பச்சைக்கதவு. அடுத்தது வார்னிஷ் அடித்த கதவு. ஒவ்வொன்றாகத் திறந்தன. பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் குரல் கம்மியது. அப்போதும் அவள் விடவில்லை. "அந்த வீட்டுத் தாத்தாவுக்குக் காது மந்தம். இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். கோயில் வாசலில் போலீஸ்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவரை ஆம்புலன்சில் ஏற்றும்போது போலீசும் கூட ஏறியது. திருமேனிகளும் படமும் எல்லோர் முன்னிலும் கோயிலில் இறங்கின. மேளக்காரர் யாரும் சொல்லாமலே வந்து வாசிக்க ஆரம்பித்தார்.

ஜெயித்தாயிற்று. அவள் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மேற்கே சூரியன் தென்னைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. தெருப் பெண்கள் அவசரமாக உள்ளே ஓடி, வடிகட்டிய தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

"குடிம்மா மதி. பொழுது போறதுக்குள்ள ஒரு வாய் குடி."

அனந்தமதி ஒரு செம்பையும் தொடவில்லை. தெரு நெடுக நீட்டிய கைகளைத் தாண்டி நடந்தாள். ஒவ்வொரு செம்பைத் தாண்டும்போதும் அவளுக்கு இனித்தது. வீட்டுக் கதவைத் திறந்து அடுக்களைக்குப் போய்ப் பானை மூடியை எடுத்தாள். ஜன்னலில் வெளிச்சம் இல்லை. சூரியன் போய்விட்டது.

அப்பாண்டை வாசற்படியில் உட்கார்ந்து சிரி சிரி என்று சிரித்தான். "தெருவப் பழி வாங்கறேன்னு உன் தொண்டையப் பழி வாங்கிட்டியே."

"வாய மூடு" என்றாள். மூடியைத் திரும்பப் போட்டாள். அந்த இரவு முழுவதும் அவளுக்குத் தண்ணீர் நினைப்பாகவே இருந்தது. கோபத்துக்கு இப்படி ஒரு செலவு உண்டு என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

விடிந்ததும் கதவைத் திறந்தாள். தெருப் பெண்கள் செம்போடு வாசலில் வரிசையாக நின்றார்கள். சூரியன் எழுந்துவிட்டதா என்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அப்பால், கிணற்றடியில், தனியாக ஒருத்தி நின்றாள். விருஷபராஜின் மனைவி சுநந்தா. அவள் கையிலும் ஒரு செம்பு இருந்தது. அவள் ஓரடி முன்னால் வந்தபோது தண்ணீர் எடுக்க வந்திருந்த பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

அனந்தமதிக்கு அந்த விலகல் நன்றாகத் தெரியும். அவள் வாசலை விட்டு இறங்கினாள். சித்தப்பாவை அவள் மன்னிக்கவில்லை, இன்றுவரை மன்னித்ததில்லை. கேஸ் நடக்கும்போது ஒரு வாய்தாவுக்கும் போகாமல் இருந்ததில்லை. ஆனால் அந்தக் காலையில் நீட்டிய செம்புகளை எல்லாம் தாண்டி நேரே கிணற்றடிக்குப் போனாள்.

"குடு சித்தி" என்றாள்.

சுநந்தா செம்பை நீட்டினாள். அனந்தமதி செம்பை வாங்கி, தலையை அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அப்புறம் திரும்பித் தெருவைப் பார்த்தாள். விலகி நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தைக் கீழே வைத்தார்கள்.

"இன்னொரு செம்பு கொண்டா சித்தி" என்றாள் அனந்தமதி. "ராத்திரியெல்லாம் தாகம்."